கிணற்றில் பழகிய தம் கடலில் செல்லாது

கொங்கு நாட்டுப் பிள்ளைகளில் பலர் நீச்சல் பழகியது கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி இறக்கிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் குடுக்கை கழன்றுவிடும். பிறகு மேட்டிலிருந்து குதிப்பது, அதற்கும் பிறகு அடிமண் எடுப்பது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தம் கட்டி, தலைகீழாக முங்கி, ஒரு பிடி சேற்றோடு மேலே வர வேண்டும். கை காலியாக வந்தால் மேட்டில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

இப்படி வளர்ந்தவர் அந்தமானிலோ புதுச்சேரியிலோ கர்நாடகத்தின் முருடேஸ்வரத்திலோ, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்காகப் படகில் ஏறும்போது, "நீச்சல் நமக்குத் தண்ணி பட்ட பாடுங்க" என்பார். தண்ணீர்ப் பயம் இல்லாதது நல்லதுதான். ஆனால் அடிமண் எடுத்துப் பழகிய உடம்பு, தண்ணீருக்குள் சின்னத் தடுமாற்றம் வந்தாலும் தானாகத் தம் கட்டும். ஸ்கூபாவில் செய்யவே கூடாத ஒன்றைச் சொல்லச் சொன்னால், எந்தப் பயிற்றுநரும் முதலில் சொல்வது அதைத்தான்: மூச்சைப் பிடிக்காதீர்கள்.

காரணம் பள்ளியில் படித்த பாயில் விதி: அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும், அழுத்தம் குறைந்தால் பருமன் கூடும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடுகிறது. மேலே 1 பார், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த 5 லிட்டர் காற்றோடு போகிறார். 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டரை லிட்டராகச் சுருங்கும்; மேலே வந்ததும் மறுபடி 5 லிட்டர். நுரையீரலுக்கு ஒரு சேதமும் இல்லை. ஸ்கூபாவில் கணக்கு தலைகீழ். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகவே காற்றைத் தரும். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த 5 லிட்டர், 2 பார் அழுத்தத்தில் உள்ள காற்று. அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டர் இடம் கேட்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. மெல்லிய அறைகள் கிழியும். காற்றுக் குமிழி ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகும். மேலே வந்த சில நிமிடங்களிலேயே மயக்கம், ஒரு பக்கம் கை கால் விழுவது, நெஞ்சுவலி, ரத்தம் கலந்த நுரை என்று காட்டிவிடும்.

இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. நெஞ்சு நிறைந்த மூச்சோடு ஒன்றேகால் மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழிய முடியும், அதாவது இடுப்பைத் தாண்டிய நீச்சல் குளத்தில்கூட. தலையில் கூண்டு மாட்டிக் கடலடியில் நடக்கவிடும் 'சீ வாக்' ஆட்டத்துக்கும் இதே விதிதான், அங்கேயும் சுவாசிப்பது அழுத்தப்பட்ட காற்று. ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும் உதட்டைக் குவித்துச் சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வது இதற்காகவே. படகுக்குப் போகும் முன் கரையிலேயே இதைப் பத்து முறை செய்து பாருங்கள். தம் கட்டுவது இருபது வருடப் பழக்கம், ஒருமுறை கேட்டுத் தலையாட்டினால் போகாது.

காது

மேட்டுப்பாளையத்தில் ஏறி பர்லியாறு தாண்டும்போது காது அடைக்கும்; எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று விடும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே காற்றழுத்த வித்தியாசம் ஏறக்குறைய 0.2 பார்தான். கடலில் வெறும் 2 மீட்டர் இறங்கினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்தில் பழகியதைக் காது இங்கே சில நொடிகளில் சமாளிக்க வேண்டும்.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே ஊதுவதுதான் வழி. வலி வந்தபிறகு ஊதினால் பயனில்லை, காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை தண்ணீருக்குள் போனவுடன் ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை. தலைகீழாக இறங்கும் கிணற்று முறை இங்கே வேண்டாம். கால் கீழே இருக்க, கயிற்றைப் பிடித்து இறங்கினால் காது எளிதில் விடும். விடவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலங்கொண்டு ஊதினால் உள்காது கெட்டு, தலைசுற்றலும் இரைச்சலும் நிரந்தரமாகத் தங்கிவிட வாய்ப்புண்டு.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால் உள்ளே போன காற்று வெளியே வராமல் மேலே ஏறும்போது வலிக்கும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே திரும்புவது?

முகமூடிக்குள்ளும் இதே சுருக்கம் நடக்கும். அவ்வப்போது மூக்கு வழியே கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி ஸ்கூபாவுக்கு உதவாது என்பதும் இதனால்தான். கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது

எல்லோரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றே சொல்கிறார்கள். அதில் இருப்பது சாதாரணக் காற்று: 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி கிட்டத்தட்ட முழுக்க நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு.

வழக்கமாகத் தரும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். அதில் சுமார் 200 பார், அதாவது 3,000 பிஎஸ்ஐக்குக் காற்றை அடைத்திருப்பார்கள். கார் டயரில் 32 பிஎஸ்ஐ, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக் கம்ப்ரசரில் 300 பிஎஸ்ஐ சுமார். இது அதைப்போல் பத்து மடங்கு. 11 லிட்டரை 200ஆல் பெருக்கினால் 2,200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக்கூடாது என்பதால் செலவுக்கு இருப்பது 1,650 லிட்டர். நிதானமாக மூச்சு விடுபவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 10 மீட்டரில் அது 40 லிட்டராகும், 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 27 நிமிடம். பதறி மூச்சு வாங்கினால் இதில் பாதிகூட வராது. முதல்முறை போகிறவர் பெரும்பாலும் பதறுவார். ஆகவே அடியில் சில நிமிடத்துக்கு ஒருமுறை, சிலிண்டரில் மீதமுள்ள அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பாருங்கள். 100 பார் ஆனதும் பயிற்றுநருக்குக் காட்டுங்கள். படகுக்கு வரும்போது முள் 50க்குக் கீழே போயிருக்கக் கூடாது.

படகில் செய்ய வேண்டிய ஒரு சோதனை, அரை நிமிட வேலை. சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்தபின், கேஜில் கண் வைத்து ரெகுலேட்டரில் நான்கு மூச்சு நன்றாக இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து, மூச்சை விட்டதும் மறுபடி ஏறுகிறதென்றால் வால்வு கொஞ்சம்தான் திறந்திருக்கிறது என்று பொருள். மேலே அந்தக் காற்று போதும். 10 மீட்டரில் ஒரு மூச்சுக்கு இரண்டு மடங்கு தேவைப்படும்போது இழுக்க இழுக்க வராது. சிலிண்டர் நிறைந்தே இருக்கும், ஆள் மூச்சு முட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவர் திறந்துவிட்டார் என்று நம்பி அவசரத்தில் விடும் தவறு இது.

அதே நான்கு மூச்சில் காற்றின் வாசனையையும் கவனியுங்கள். எண்ணெய் நாற்றம், புகை வாடை எதுவும் இருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் புகை கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய்க்குள் போயிருந்தால் சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. கூட வரும் புகை வாடைதான் துப்பு. மேலே தலைவலியோடு போகிற அளவு, ஆழத்தில் அழுத்தம் பெருகும்போது மயக்கத்தில் கொண்டுவிடும். டயர் கடைக் கம்ப்ரசரை வைத்து ஸ்கூபா சிலிண்டர் நிரப்ப முடியாது. பல அடுக்கு அழுத்தமும் வடிகட்டியும் உள்ள தனிக் கம்ப்ரசர் வேண்டும். எங்கே நிரப்புகிறார்கள் என்று கேட்டால் நல்ல இடத்தில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். சிலிண்டரின் தோளில் கடைசிச் சோதனைத் தேதி குத்தியிருக்கும், அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மற்றவை: மார்பு ஜாக்கெட்டில் பொத்தானை அழுத்தினால் காற்று ஏற வேண்டும், கசியக் கூடாது. மஞ்சள் நிறத்தில் இரண்டாவது ரெகுலேட்டர் தொங்க வேண்டும். உங்கள் காற்று தீர்ந்தால் பயிற்றுநரின் அந்த மஞ்சளைத்தான் வாயில் வைக்கப் போகிறீர்கள். ஈயக்கட்டி கோத்த பெல்ட்டின் கொக்கி ஒரே கையால் கழலுமா என்று பாருங்கள். சுற்றுலாப் பயணி மிதந்துகொண்டே இருந்தால் தொல்லை என்று சில இடங்களில் ஈயத்தைக் கூடுதலாகவே கட்டிவிடுவார்கள். கடல்மட்டத்தில் தத்தளித்தால் முதலில் ஜாக்கெட்டில் காற்று ஏற்றுங்கள், அது முடியாவிட்டால் பெல்ட்டைக் கழற்றிப் போடுங்கள். ஈயத்தின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஃபார்மும் பயிற்றுநரும்

சான்றிதழ் இல்லாதவர்களுக்கான 'முயன்று பார்க்கும்' டைவ் 12 மீட்டரோடு நிற்க வேண்டும். குறைந்தபட்ச வயது 10. முதல்கட்டமான ஓப்பன் வாட்டர் பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர், அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். முதல்முறைக்காரர் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று கேட்டு வாங்குங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேரையும் ஒரே ஆள் இறக்கினால் ஒருவர் பதறும்போது மற்ற மூன்று பேரை யார் பார்ப்பது?

இறங்கும் முன் ஒரு மருத்துவ ஃபார்ம் தருவார்கள். "எல்லாத்துக்கும் இல்லைனு போட்டுருங்ணா, லேட்டாகுது" என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் சுருங்கிய பழைய வரலாறு, காது அறுவை, இன்சுலின் போடும் சர்க்கரை, கர்ப்பம், இவற்றில் எதுவாக இருந்தாலும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நம் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம்: ஸ்பின்னிங் மில்லில் வருடக்கணக்காகப் பஞ்சுத்தூசிக்கு நடுவே வேலை பார்த்து, வாரத்தின் முதல் நாள் நெஞ்சு இறுகுவது வழக்கமாகிப்போனவர்கள். அவர்கள் அதை நோயாக நினைப்பதே இல்லை, ஃபார்மிலும் எழுதமாட்டார்கள். காற்று வெளியேறத் தடை உள்ள நுரையீரல், தம் கட்டாமலே தம் கட்டிய மாதிரிதான். 45 வயதைத் தாண்டியவர்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. டைவிங் சாவுகளில் கணிசமானவை இதயத்தால் வருபவை. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை உதைத்து நீரோட்டத்தை எதிர்ப்பது மாடிப்படி ஏறுவதைவிடக் கடினமான வேலை.

புதுச்சேரிக்குப் போகும் வண்டிகள் எல்லாம் கடலைப் பார்க்க மட்டுமே போவதில்லை என்பது தெரிந்ததே. முந்தைய இரவு குடித்தவர் காலையில் இறங்கக் கூடாது. போதை தெளிந்திருந்தாலும் உடம்பு வறண்டிருக்கும், அது கீழே சொல்லப்போகும் குமிழிச் சிக்கலைக் கூட்டும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நீண்ட விடுமுறை தீபாவளிக்குத்தான். அது வடகிழக்குப் பருவமழை நேரம். வங்கக்கடலில் புயல் சின்னங்கள் வரிசைகட்டும். புதுச்சேரிக் கடல் கலங்கிக் கிடக்கும், படகு பல நாள் கிளம்பாது. அப்போது மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, முருடேஸ்வரத்தில் நேத்ராணித் தீவுக்குப் படகு தொடங்கியிருக்கும். முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக அலையில் இறங்க வேண்டாம். நல்ல பயிற்றுநர் தாமே வேண்டாம் என்பார்.

அடியில்

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் நமக்கு 'சூப்பர்'. தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தம். மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டி, பத்தாவது நிமிடத்தில் மேலே கொண்டுவரப்பட்டு, "ஏனுங்க அதுக்குள்ள?" என்று கேட்பவர்கள் உண்டு. நலம் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். காதில் தொந்தரவு என்றால் காதைத் தொட்டு, கையைத் தட்டையாக வைத்து அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள். காற்றில்லை என்றால் தொண்டைக்குக் குறுக்கே கை.

முகமூடியில் தண்ணீர் புகுந்தால், மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, கொஞ்சம் நிமிர்ந்து, மூக்கு வழியே ஊதுங்கள். தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக வெளியேறும். ரெகுலேட்டர் நழுவினால் வலது கையைத் தொடையிலிருந்து பின்னால் சுழற்றி முன்னே கொண்டுவாருங்கள், குழாய் கையில் மாட்டும். வாயில் வைத்து ஊதிவிட்டு, அல்லது நடுப் பொத்தானை அழுத்தித் தண்ணீரைத் தள்ளிவிட்டு இழுங்கள். மாற்றிச் செய்தால் தண்ணீர்தான் தொண்டைக்குள் போகும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் புகுந்தது அல்ல, புகுந்த பயத்தில் மேலே பாய்வது.

எதையும் தொடாதீர்கள். கல் என்று நினைப்பது கல்மீனாக இருக்கலாம். பவளத்தை உடைத்து எடுத்துவருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். நீங்கள் விடும் குமிழிகளில் மிகச் சின்னதைப் பாருங்கள், அதை முந்தாதீர்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மீதியை ஏறுவது வழக்கம். கடைசிப் பத்து மீட்டரில்தான் காற்றின் பருமன் இரண்டு மடங்காகிறது என்பதை நினைவில் வைத்தால், ஏன் அங்கே இத்தனை நிதானம் என்பது விளங்கும்.

ஊருக்குத் திரும்பும் வழி

அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். மெதுவாக ஏறினால் மூச்சு வழியே வெளியேறும். அவசரமாக ஏறினால், சோடா மூடியைத் திறந்ததுபோல் ரத்தத்திலும் மூட்டிலும் குமிழியாகும். படகில் ஏறியதோடு இது முடிவதில்லை. கரைந்தது முழுக்க வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால், கடலிலிருந்து தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பது போலத்தான்.

அதனால்தான் விமானத்துக்கு இடைவெளி. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ், பல நாள் என்றால் 18. 24 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வேண்டியதில்லை. அந்தமான் பேக்கேஜ்களில் டைவைக் கடைசி நாளுக்குத் தள்ளியிருந்தால் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். ஹேவ்லாக்கில், இப்போதைய பெயரில் ஸ்வராஜ் த்வீப்பில், இறங்கிய மறுநாளே டைவை முடித்துவிட்டு மற்ற நாட்களைக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தை எல்லோரும் சொல்கிறார்கள். மலையைச் சொல்பவர் குறைவு. விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர். டைவ் முடித்த உடம்புக்குக் காரில் ஊட்டி ஏறுவதும் விமானத்தில் பறப்பதும் ஏறக்குறைய ஒன்றே. எச்சரிக்கை தொடங்கும் உயரம் 600 மீட்டர் சுமார். கோவை 411 மீட்டர், அதனால் கவலையில்லை. மைசூர் 760ஐத் தாண்டும். ஏற்காடு 1,500 மீட்டர்.

நேத்ராணியில் காலையில் இரண்டு டைவ் போட்டுவிட்டு அன்று மாலையே கிளம்புபவர்கள் பெரும்பாலும் மைசூர் வந்து, கூடலூர் ஊட்டி வழியாகவோ, சாம்ராஜ்நகர் வந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு வழியாகச் சத்தியமங்கலத்துக்கோ இறங்குவார்கள். இரண்டிலும் மேற்குத்தொடர்ச்சி மலையை ஏறித்தான் தீர வேண்டும். மங்களூர், கோழிக்கோடு என்று கடலோரமாகவே வந்து பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால், வாளையாறு தாண்டிக் கோவை வரும்வரை உயரமான மலை எதுவும் ஏற வேண்டாம். ரயிலும் அந்த வழிதான். மலைவழி வந்தே ஆக வேண்டும் என்றால் இரவு முருடேஸ்வரத்திலேயே தங்கி மறுநாள் மதியத்துக்குமேல் கிளம்புங்கள். புதுச்சேரியிலிருந்து சேலம் வழியாக வருவதில் சிக்கல் இல்லை, 'அப்படியே ஏற்காடு பார்த்துட்டுப் போயிடலாம்' என்று யாரும் சொல்லாதவரை.

வாய்வுப் பிடிப்பா?

குமிழி நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மேலே வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரியும். ஒரு நாள் கழித்தும் வரலாம். தோளிலோ முழங்கையிலோ ஆழமான வலி, தோலில் அரிப்பு, பளிங்குபோல் நிறமாற்றம், அளவுக்கு மீறிய அசதி. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் போக முடியாமை என்றால் தண்டுவடத்தில் வேலை நடக்கிறது, நிமிடங்கள் முக்கியம்.

இதற்குள் ஆள் வீட்டுக்கே வந்துவிட்டிருப்பார் என்பதுதான் தொல்லை. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது, வாய்வு புடிச்சிருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சொல் என்னவோ விசித்திரமாகப் பொருந்துகிறது, பிடித்திருப்பது வாயுவேதான். ஆனால் பூண்டுக் கஷாயத்துக்கும் சுளுக்கு எடுப்பவரின் எண்ணெய்க்கும் போகாத வாயு இது. தேய்க்கவும் நீவவும் வேண்டாம். வலி மாத்திரையில் அடங்கினாலும் நோய் அடங்கியதாக அர்த்தமில்லை.

படுக்க வைத்து, அதிக அளவில் சுத்த ஆக்சிஜன் கொடுப்பதே முதலுதவி. நினைவோடு இருந்தால் குடிக்கத் தண்ணீர். 108ஐக் கூப்பிடும்போதே டைவ் செய்தவர் என்று சொல்லிவிடுங்கள். தீர்வு அழுத்த அறைதான்: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து, ஐந்து மணி நேரம்போல மெதுவாக வெளியே கொண்டுவருவார்கள். சர்க்கரைப் புண் ஆற்ற நகர மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஆக்சிஜன் அறைகள் எல்லாம் அவ்வளவு அழுத்தம் தாங்குபவை அல்ல. கிளம்பும் முன் ஃபோன் செய்து கேட்க வேண்டும். அப்படிப்பட்ட அழுத்த அறை உள்ள கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில் இருக்கிறது. கோவையிலிருந்து அங்கே போகும் பாதையும் அதே கணவாய்தான், ஏற்றம் இல்லை. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும் என்பதையும் கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள்.

மருத்துவர் கேட்கப்போகும் விவரங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை டைவ், ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், கடைசியாக மேலே வந்தது எத்தனை மணிக்கு, எந்த வழியாக ஊருக்கு வந்தார், முதல் வலி எப்போது, எங்கே. ஆழமும் நேரமும் பயிற்றுநரின் மணிக்கட்டில் உள்ள டைவ் கம்ப்யூட்டரில் இருக்கும். படகிலேயே கேட்டு அந்தத் திரையை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஃபோட்டோக்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.